வெள்ளிக்கிழமை மாத்திரை

2006-ல் சிக்குன்குனியா வந்து தமிழ்நாடே நொண்டியது ஞாபகமிருக்கிறதா? ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற வருகிறவர்கள் படியைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். காலேஜ் பையன்கள் தாத்தா மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அதனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அம்மா, "கை விரலையெல்லாம் யாரோ ஈரத்துணி பிழியறாப்ல பிழியறதுடா" என்று சொன்னபோது வீட்டில் யாரும் அசரவில்லை. உத்தர வீதி பூரா அதே பாட்டுத்தான்.

"எனக்குக் காய்ச்சலே வரலையேடா!" என்றாள் அம்மா.

"சில பேருக்கு உள்காய்ச்சலா இருக்கும்" என்று டாக்டர் மாதிரி பதில் சொன்னது நான்தான். பி.காம். படித்தவன்.

ஊர் மெல்ல மெல்ல எழுந்து நடந்தது. அம்மா நடக்கவில்லை. ரங்கநாயகித் தாயாரைப் படிதாண்டாப் பத்தினி என்பார்கள். அந்த மார்கழியில் அம்மாவும் படி தாண்டவில்லை. வாசலில் கோலமும் இல்லை. கோலப்பொடியைச் சிட்டிகை பிடிக்க விரல் மடங்கினால்தானே?

வைத்தியத்துக்குக் குறைவில்லை. எதிர்வீட்டு மாமி முடக்கத்தான் தோசை வார்த்து அனுப்பினாள். நொச்சி இலை ஒத்தடம், வேப்பெண்ணெய், எலும்பு டாக்டர், வலி மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு மாத்திரை. கோயிலில் தன்வந்திரி சன்னிதிக்கு அப்பா போய்விட்டு வந்தார். (1493-ம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குள் பழுதுபட்டுக் கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஆஸ்பத்திரியும் சன்னிதியும் ஒரே காம்பவுண்டில்! ஆட்டோ செலவு மிச்சம்.)

இதில் மோசம் என்னவென்றால், காலை ஏழு மணிக்குக் காபி ஃபில்டரைத் திருகித் திறக்க முடியாமல் அழுகிற அம்மா, பதினொரு மணிக்கு அதே கையால் வத்தக்குழம்பு வைத்து இறக்கிவிடுவாள். "எல்லாம் பாசாங்கு" என்று பெரியப்பா ஒருவர் தீர்ப்பே வழங்கிவிட்டார். உண்மையில் அதுதான் முக்கியமான தடயம். காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விரல்கள் இறுகிக் கிடப்பது, இரண்டு கையிலும் அதே மூட்டுகள் ஜோடியாக வீங்குவது, வேலை செய்யச் செய்யத் தேவலையாவது. வயசானால் வரும் தேய்மானத்தில் கதை தலைகீழ். அது வேலை செய்தால் வலிக்கும், உட்கார்ந்தால் தேவலை.

2008-ல்தான் தில்லைநகரில் ஒருவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார். ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். பாட்டிமார் பாஷையில் சரவாங்கி. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை மூட்டின் உள்சவ்வையே திருடன் என்று நினைத்து அடிப்பது. காவலுக்கு வைத்த கூர்க்கா வீட்டுக்காரரைப் போட்டுத் துவைக்கிற கேஸ். இதற்கென்று ருமட்டாலஜிஸ்ட் என்று ஒரு ஜாதி டாக்டர் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"முதல் ஆறு மாசத்துக்குள்ள வந்திருக்கணும்" என்றார் அவர். நாங்கள் போனது இரண்டு வருஷம் கழித்து.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரே ஒரு நாள். அப்பா சீட்டை நீட்டியதும் மருந்துக்கடைப் பையன் குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்கு சார் கேன்சர்?" என்று கேட்டிருக்கிறான். அப்பா வெளிறிப்போய் வந்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாத்திரையையும்தான். அந்த ஸ்ட்ரிப் ஐந்து மாதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கியது. அம்மாவின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தது அந்த ஐந்து மாதத்தில்தான். அப்புறம் நிமிரவேயில்லை.

பையனைக் குறை சொல்ல முடியாது. அது கேன்சர் மருந்துதான். மூட்டுக்குக் கொடுப்பது அதில் ரொம்பச் சின்ன அளவு. இந்த மருந்தின் பூர்வீகம் தெரிந்திருந்தால் அப்பா பயந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திக்கொண்டு வந்ததால் இங்கிலீஷ்காரப் புரொஃபசருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில்தான் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதை முடக்குகிற மருந்தையும் அவர்களே செய்தார்கள். அதுதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்கு அம்மா வாரத்தில் ஒரு நாள் இதையும், வேறு நாளில் பக்கவிளைவு தணிய ஃபோலிக் ஆசிட்டையும் போட்டுக்கொள்கிறாள். விஷமும் முறிவும் ஒரே சமையலறையில்! சுப்பாராவ் 1948-ல் போய்விட்டார். அமெரிக்க அரசு இதை மூட்டுக்கு அனுமதித்தது 1988-ல்.

வாரத்துக்கு ஆகிற செலவு ஹோட்டலில் இரண்டு காபி. ஆனால் வாரம் என்றால் வாரம்தான். தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரை விட்டவர்கள் உலகம் பூராவும் உண்டு. "ஏகாதசிக்குப் போட்டுக்கறேனே" என்றாள் அம்மா. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஏகாதசி வரும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டோம். நடுநடுவே ரத்தப் பரிசோதனை, லிவருக்காக.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு இப்போது ஊசிகள் இருக்கின்றன. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் கண்டுபிடித்த வழி. பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் ஆயிரங்களில் செலவு. அதோடு உள்ளே தூங்குகிற டி.பி.யை எழுப்பிவிடும் என்பதால், நம் ஊரில் முதலில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஊசி.

பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் ஆண்களுக்கும் வரும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

2023-ல் என் தங்கை போன் பண்ணினாள். குழந்தைக்கு யூனிஃபாரம் பட்டன் போட முடியவில்லையாம், காலையில் மட்டும். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை நேரே தில்லைநகருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ். எக்ஸ்ரே சுத்தம். "ஒண்ணுமில்லைன்னு வந்துடுத்தே!" என்று மாப்பிள்ளை ஸ்வீட் வாங்கக் கிளம்பினார். டாக்டர் நிறுத்தினார். நோயாளிகளில் கணிசமான பேருக்கு அந்த டெஸ்ட் நெகடிவாகவே இருக்குமாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் எதையும் காட்டாதாம். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு டெஸ்ட் எழுதினார். அது பாசிடிவ். பட்டன் போட முடியாமல் போனதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஆறு வாரம்.

இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அம்மா போன் பண்ணுவாள். "போட்டுண்டாச்சா?" "ஆச்சும்மா. நீ?" அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள்.

போன மார்கழியில் தங்கை வந்திருந்தாள். விடிகாலையில் வாசலில் உட்கார்ந்து இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். அம்மா திண்ணையிலிருந்து, "அந்தப் புள்ளி கோணல்டீ" என்று விரலை நீட்டினாள். விரல் ஒரு பக்கம் பார்க்கிறது, அம்மா ஒரு பக்கம் பார்க்கிறாள். எந்தப் புள்ளி என்று எங்களுக்குத் தெரியவில்லை.