பலவீனமான கண்ணி யார்?

கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருக்கிற கம்பெனிகளில் ஒரு வேதவாக்கு உண்டு. சைபர் பாதுகாப்பு என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். 'பாதுகாப்புச் சங்கிலியில் பலவீனமான கண்ணி மனிதன்தான்' என்பது அந்த வாக்கு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இதை ஓதுகிறார்கள். சரக்கு விற்கப் போகிற இடத்திலும் இதையே ஓதுகிறார்கள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். இது பொய் என்பது என் கட்சி. வெறும் பொய்யல்ல, பெரிய மனிதர்களுக்கு மிகவும் சௌகரியமான பொய்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். குளிர்சாதன அறை, கை நிறையச் சம்பளம், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சம்பளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள காவல் கூடங்களில் பிள்ளைகள் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் இராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காக்காரன் கடை திறக்கும்போது இங்கே இருட்டிவிடுகிறது. அவன் வியாபாரத்துக்காக இவன் ராத்திரி விழிக்கிறான். திரையில் அலர்ட் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு குமாஸ்தா பாஸ்வேர்டை நாலு தரம் தப்பாக அடித்தாலும் அலர்ட். நிஜத் திருடன் பூட்டைத் தொட்டாலும் அலர்ட். 'புலி வருது, புலி வருது' என்று கத்திய பையன் கதை நமக்குத் தெரியும். இங்கே கத்துவது இயந்திரம். பெரும்பாலும் வருவது பூனை. நிஜப் புலி எது என்று சில நிமிஷங்களில் சொல்ல வேண்டியவன் மனிதன். ஒரு ஷிப்டில் எத்தனை டிக்கெட்டை மூடினான் என்பதற்குக் கணக்கு உண்டு. எவ்வளவு யோசித்தான் என்பதற்குக் கணக்குக் கிடையாது.

இன்னொரு கொடுமை, ஒன்றும் நடக்காமல் இருப்பதே இவனுடைய சாதனை. நடக்காத களவுக்கு யார் மாலை போடுவார்கள்? 'ஒன்றும்தான் நடக்கவில்லையே, இத்தனை பேர் எதற்கு?' என்பார் முதலாளி. நடந்துவிட்டாலோ, 'இத்தனை பேர் இருந்துமா?' என்பார்.

சரி, அவன் புலியைக் கண்டுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கதவைச் சாத்துவானா? பல இடங்களில் அந்த அதிகாரம் அவனுக்குக் கிடையாது. தகவல் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைக் கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். 16 லட்சம் டாலரில் காவல் கருவி வாங்கியிருந்தார்கள். அதைக் கவனிக்கப் பெங்களூரில் ஆட்களையும் வைத்திருந்தார்கள். நவம்பர் 30-ஆம் தேதி கருவி கூவிற்று. பெங்களூர்க்காரர்கள் பார்த்தார்கள், மினியாபோலிஸில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்குச் சொல்லவும் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்கள் விசாரித்து அடுத்த வருஷம் வெளியிட்ட சேதி இது. அங்கே யாரும் அசையவில்லை. 4 கோடி கார்டு எண்கள் களவு போயின. இதில் பலவீனமான கண்ணி யார்? விழித்திருந்து சொன்னவனா, காது கொடுக்காதவனா?

2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற ஸ்தாபனத்திலிருந்து சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போயின. ஜனங்களின் கடன் கணக்கைச் சேர்த்து வைக்கிற ஸ்தாபனம் அது. ஓட்டை இன்னது, அடைக்கும் வழி இன்னது என்று மார்ச்சு மாதமே அறிவிப்பு வந்துவிட்டது. களவு தொடங்கியது மே மாதத்தில். பதவி விலகிய தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், அமெரிக்கக் காங்கிரஸின் முன் வந்து, ஓட்டை தேடும் கருவி தவறிவிட்டது என்றார். தகவலைச் சொல்ல வேண்டிய ஒரு ஆள் சொல்லாமல் விட்டுவிட்டார் என்றும் சொன்னார். ஒரு ஆள்! அந்த ஒரு ஆள் மறந்தால் தேசத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் கணக்கு சந்திக்கு வரும்படி கோட்டையைக் கட்டியது யார்? களவைக் காட்ட வேண்டிய இன்னொரு கருவி, சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் குருடாகக் கிடந்ததே, அதுவும் அந்த ஒரு ஆளின் குற்றந்தானா?

2021-இல் சோலார்விண்ட்ஸ் விவகாரம். கம்பெனியின் பெயரோடு 123 என்று சேர்த்து ஒரு பாஸ்வேர்டு. அது ஊரறிய வெளியே கிடந்தது. ஏன் என்று காங்கிரஸில் கேட்டபோது, பயிற்சிக்கு வந்த ஒருவர் செய்த தவறு என்றார் முன்னாள் தலைவர். பயிற்சிக்கு வந்த பிள்ளையின் கையில் சாவியைக் கொடுத்தது யார்? கொடுத்தபின் பூட்டைச் சோதிக்காமல் இருந்தது யார்?

மனிதன் தவறமாட்டானா என்று கேட்கலாம். தவறுவான். ஆகையினால்தான் ஒருவன் தவறினாலும் வீடு விழாதபடி கட்ட வேண்டும் என்கிறேன். 2024 ஜூலை 19-இல் கிரௌட்ஸ்டிரைக் என்ற காவல் கம்பெனியே ஒரு பிசகான புதுப்பிப்பை அனுப்பி, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கிவிட்டது. விமானங்கள் நின்றன. சரிபார்க்கிற நிரலிலேயே பிழை இருந்தது; அனுப்பியதையும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினார்கள். கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு, இனிப் படிப்படியாக அனுப்புவோம் என்று முறையை மாற்றியது. யாரோ ஒரு சிப்பந்தியை இழுத்து வந்து நிறுத்தவில்லை. நஷ்டப்பட்டவனுக்கு அது ஆறுதல் ஆகாது. ஆனாலும் நியாயம் அதுதான்.

காவலுக்கு ஆள் வைப்பவர்கள் அவனுக்குப் போதிய துணையும் தூக்கமும் கொடுக்கட்டும். கதவைச் சாத்துகிற அதிகாரமும் கொடுக்கட்டும். அவற்றைக் கொடுக்காதவரைக்கும் அவன்மேல் பழி போட அவர்களுக்கு யோக்கியதை இல்லை. இனி எந்த மேடையிலாவது, 'மனிதன்தான் பலவீனமான கண்ணி' என்று யாராவது சொன்னால், எந்த மனிதன், எத்தனாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறவன் என்று எழுந்து நின்று கேளுங்கள்.