லத்தி போயிற்று, புகை வந்தது!



தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆட்டோக்களும் பேருந்துகளும் உங்களை வரவேற்கின்றன. என் தந்தையார் பள்ளி மாணவராக இருந்த நாட்களில் அங்கே ஜட்கா வண்டிகள் நிற்குமாம். "வண்டி எங்கே நிற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம், மூக்கே வழி காட்டிவிடும்" என்பார் அவர்.

மூக்கு சொன்னதைக் கணக்கில் பார்ப்போமா? வண்டிக் குதிரை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ லத்தி போடும். இருபது குதிரைகள் இருந்தால் நாளைக்கு 200 கிலோ. மாதத்துக்கு 6 டன்! மழை பெய்தால் அது சேறு. வெயிலில் காய்ந்தால் தூசி. நம் ஊர்க் கோடையில் ஈயின் முட்டை முழு ஈயாக வளரப் பத்து நாட்கள் போதும். அதற்குக் குதிரை லத்தி நல்ல தொட்டில். டெட்டனஸ் என்னும் இசிவு நோயின் கிருமியும் குதிரையின் குடலில் வாழக்கூடியது. அது லத்தியோடு மண்ணில் கலந்து, விதையைப் போல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும்.

"இந்தத் தொல்லையிலிருந்து நகரங்களை மோட்டார் வண்டி காப்பாற்றியது" என்று பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. 1895-இல் ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளர் அந்நகரின் தெருத் துப்புரவுக்குப் பொறுப்பேற்றார். தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை தந்தார், வேலையை ஒழுங்குபடுத்தினார். சில ஆண்டுகளிலேயே தெருக்கள் சுத்தமாயின. அப்போது அங்கே மோட்டார் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, முதலில் நகரைச் சுத்தம் செய்தவை இயந்திரங்கள் அல்ல. துடைப்பம் பிடித்த கைகளும் நல்ல நிர்வாகமும்தான்.

அடுத்தது, நீங்கள் பாடத்தில் படித்த பொருண்மை அழியா விதி. கழிவு மறைவதில்லை, உருவமும் இடமும் மாறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது! முக்கால் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவா என்று வியக்காதீர்கள். மீதி எடை காற்றிலிருந்து சேர்ந்துகொண்ட ஆக்சிஜனுடையது. பெட்ரோலில் கலந்த ஈயத்தையும் நாம் பல ஆண்டுகள் சுவாசித்தோம்; 2000-ஆம் ஆண்டில்தான் நம் நாடு முழுவதும் அது நின்றது. லத்தியை மூக்கு காட்டிக்கொடுத்தது. இவற்றையோ மூக்கு அறியாது. லத்தியை வாரி வயலுக்கு எருவாக இடலாம். புகையை எந்தத் துடைப்பத்தால் கூட்டுவது?

மின்சாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சென்னையில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடியது; இந்தியாவில் அதுவே முதல். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. தாம்பரத்தில் ரயில் புகை கக்குவதில்லை. ஆனால் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் கணிசமான பங்கு இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அந்தச் சாம்பலை எண்ணூர் வட்டாரத்து மக்களும் கொசஸ்தலை ஆறும் சுமக்கின்றன.

மீண்டும் ஜட்காவில் ஏறுவோம் என்று நான் சொல்லவில்லை. பாவம், அந்தக் குதிரைகளும் பட்டது போதும்! மின்சார ரயிலையும் மின்கலப் பேருந்தையும் மனமார வரவேற்கிறேன். பெட்ரோல் வண்டிகளைவிட அவை நம் தெருக் காற்றுக்கு நல்லவை. ஆனால் "இது சுத்தமான வண்டி" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இதன் கழிவு எங்கே போகிறது? பழைய மின்கலங்களை யார் பிரிக்கிறார்கள்? அந்த இடத்தில் வாழ்பவர்கள் யார்? உங்கள் ஆசிரியரிடமும் நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர்களிடமும் கேளுங்கள்.

நாளை நீங்களே பொறியாளராகி ஒரு புதிய வண்டியை வடிவமைக்கலாம். அதன் சக்கரத்தை வரையும்போதே, அதன் குப்பைக்கும் ஒரு வழி வரைந்துவிடுங்கள்.