லேபாட்சி கூரையில் யார் முகம்?

லீவுக்கு கே.ஜி.எஃப் போற நம்ம குடும்பங்களுக்கு ஒரு வழக்கமான ரவுண்டு இருக்கு: கோடிலிங்கேஸ்வரா, அந்தரகங்கை, திருப்பதி, கடைசியா பெங்களூர் மால். அந்த லிஸ்டில் லேபாட்சியையும் சேர்த்துக்குங்க. ஆந்திரா எல்லைக்குள், இந்துப்பூருக்குப் பக்கத்தில்தான் இருக்கு. காலையிலே கிளம்பினா ராத்திரி வீடு திரும்பிடலாம்.

அங்கே போறவங்க தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்த்துட்டு, பெரிய நந்தி முன்னாடி போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. தயவுசெஞ்சு மண்டபத்தில் நின்னு கொஞ்சம் அண்ணாந்து பாருங்க.

விஜயநகர அச்சுத தேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், விருபண்ணா, வீரண்ணான்னு ரெண்டு சகோதரர்கள் கட்டிய வீரபத்திரர் கோயில் இது. கூரை முழுக்க ஓவியம். அர்ஜுனன் தவம், பார்வதி கல்யாணம், அதோட நம்ம மனுநீதிச் சோழன் கதையும் இருக்கு. தெலுங்கு மண்ணில், கன்றுக்குட்டிக்காகப் பெத்த பிள்ளைக்கே தண்டனை கொடுத்த திருவாரூர் ராஜா! இன்னொரு இடத்தில் பிரம்மாண்டமா வீரபத்திரர். அவரைக் கும்பிடுற மாதிரி, உயரக் குல்லாய் போட்டுக்கிட்டு அந்த அண்ணன் தம்பி.

காசு கொடுத்தவன் டியூப்லைட்டில் பேர் எழுதிக்கிற கதைதானேன்னு தோணலாம் :-) எனக்கு அப்படித் தோணலை. விருபண்ணா பெனுகொண்டாவில் கஜானா அதிகாரின்னு சொல்வாங்க. அனுமதி இல்லாம அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவு பண்ணிட்டதா புகார் போச்சாம். ராஜா தண்டிக்கிறதுக்கு முன்னாடி தானே கண்ணைப் பிடுங்கிச் சுவரில் எறிஞ்சாராம். கைடுங்க இன்னிக்கும் சிவப்புக் கறையைக் காட்டுறாங்க. கர்ணபரம்பரைக் கதைதான். ஆனா பேங்க்கில் ஆடிட் அப்ஜெக்‌ஷனுக்குப் பதில் எழுதியே வயசான எனக்கு அந்த ஆள்மேல ஒரு பரிவு. ராஜா மகனையே தேர்க்காலில் போட்ட கதை இருக்கிற கூரையில்தான் அவர் முகமும் இருக்கு. இந்த நியாயத்துக்கு நானும் கட்டுப்பட்டவன்னு சொல்ற மாதிரிதான் நான் அதைப் படிக்கிறேன்.

என் வருத்தம் வேற. செலவு பண்ணினவங்க முகம் சுமார் 500 வருஷமா இருக்கு. சாரத்தில் மல்லாந்து படுத்து வரைஞ்சவன் யாரு, கல் சுமந்தவன் யாரு? கூரையில் அவங்களுக்கு இடமில்லை.

நம்ம கதையும் அதேதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடின வரைக்கும், வடஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்திலிருந்து வந்தவங்க மூணு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி எடுத்த தங்கம் சுமார் 800 டன். சாம்பியன் ரீஃபில் பாறை வெடிச்சுச் செத்தவங்க எத்தனை பேர்! அவங்க முகத்தை எந்தக் கூரையில் தேடுறது? துரைமாருக்கு எண்ணெய் ஓவியம் வரைய ஆள் இருந்தாங்க. நம்ம தாத்தாவுக்கு அதிகபட்சம் ஒரு ஸ்டூடியோ போட்டோ.

அந்தப் போட்டோ உங்க வீட்டுப் பெட்டியில் இருக்கா? பின்னாடி பென்சிலால் பேர், எந்த லைன் வீடு, எந்த ஷாஃப்ட், எந்த ஊரிலிருந்து வந்தார், எல்லாம் எழுதி வையுங்க. 2001இல் கடைசியா மேலே ஏறி வந்தவங்களுக்கே இப்ப வயசாகுது. அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப் போடாம, இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதே கேட்டுடுங்க. பேர் தெரியாத போட்டோ, வாரிசு பதியாத டெபாசிட் மாதிரி. இருக்கும், ஆனா யாருக்கும் சேராது.