முரசுக்கு முன் தாளம்

கருவி வாங்குவது வேறு. கலை கற்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம் கடற்கரையூர்களிலும் புகுந்துவிட்டது. திருமண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் இசைக்குழுக்கள் வந்து முழக்கிச் செல்கின்றன. பளபளக்கும் முரசுகளும் உலோகத் தட்டுகளும் சூழ, நடுநாயகமாக வீற்றிருக்கும் இளைஞனைக் கண்ட சிறுவர்கள், தமக்கும் ஒரு ‘ட்ரம் செட்’ வேண்டுமென்று பெற்றோரை வற்புறுத்துகின்றனர். ஆசை குற்றமன்று. ஆனால் எதை முதலில் வாங்குவது, எதைப் பின்னர் வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கடைக்காரர் சொல்வார், அவர் சொல்வது அவருடைய நன்மைக்கு.

நான் பள்ளிவாசல்துறைக்காரன். எங்கள் கற்பிட்டித் தீபகற்பத்திற்கு ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. தென்மேற்குப் பருவக்காற்று எழும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும், அடுப்புக்கும் ஓய்வு வந்துவிடும் போலிருக்கும். இத்தகைய ஊரில், நான் அறிந்த ஒரு வீட்டார் தம் மகனுக்காகத் தவணை முறையில் ஒரு முழு ட்ரம் செட் வாங்கினர். ஐந்து முரசு, மூன்று வகைத் தட்டு, யாவும் புதியவை. காற்று மாறிற்று, வருவாய் நின்றது, மூன்றாம் மாதம் கடைக்காரர் வண்டியுடன் வந்து யாவற்றையும் ஏற்றிச் சென்றார். கட்டிய பணமும் போயிற்று. பையனின் ஆர்வமும் போயிற்று. கடலுக்குப் பருவம் உண்டு. தவணைக்குப் பருவம் இல்லை. இதை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இந்த ட்ரம் செட் என்பது பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். முன்னாளில் மேலைநாட்டு இசைக்குழுக்களில் பெருமுரசை ஒருவர், சிறுமுரசை மற்றொருவர், கைத்தட்டுகளை வேறொருவர் என்று பலர் கூடி முழக்கினர். நாடகக் கொட்டகைகளில் இடம் குறைவு. கூலிக்கும் பணம் குறைவு. ஆகவே ஒருவரே எல்லாவற்றையும் முழக்க வழி தேடினர். 1909ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் லூட்விக் சகோதரர்கள் விரைந்து இயங்கும் மிதிகட்டை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பெருமுரசைக் கால் ஏற்றுக்கொண்டது. கைகள் மற்றவற்றுக்கு விடுதலை பெற்றன. இன்று ஆடம்பரமாகத் தோன்றும் இக்கருவி, சிக்கனத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளையே ஆகும். தாயை மறந்த பிள்ளையாக அதை நாம் வளர்க்க வேண்டுமா?

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டாம். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலங்களில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய ‘மஞ்சா’ இசையைக் கேட்டவர்கள் எளிதில் மறவார். மெல்லத் தொடங்கி, மேன்மேலும் விரைந்து, கேட்போரின் கால்களை ஆடவைத்து முடியும் இசை அது. அதற்கு அவர்கள் கையாளும் கருவிகள் யாவை? றபான் உண்டு, அதனோடு தேங்காய்ச் சிரட்டை, கரண்டியால் தட்டும் கண்ணாடிப் போத்தல், மர முக்காலி! பெருமுரசின் வேலையை முக்காலி செய்கிறது. உலோகத் தட்டின் வேலையைப் போத்தல் செய்கிறது. சமையற்கட்டே ட்ரம் செட்டாகிவிட்டது. குறைபட்ட இசை என்று அதனை எவரேனும் சொல்வரா?

ஆகவே என் துணிபு இதுதான்: முதல் ஆண்டில் எந்த மாணவனும் முரசு வாங்க வேண்டியதில்லை. ஓரிணைக் குச்சியும், ஒரு பலகையும் போதும். ஒட்டுப்பலகைத் துண்டின்மேல் பழைய டியூப் ரப்பரை இழுத்து ஒட்டினால் பயிற்சிப் பலகை ஆயத்தம். குச்சியில் ‘5ஏ’ என்று குறிக்கப்படும் நடுத்தர அளவு தொடக்கக்காரர் கைக்குப் பொருந்தும். உலகெங்கும் ட்ரம் பயில்வோர்க்கு அடிப்படையான அடிமுறைகள் 40 என்று அமெரிக்கத் தாளவாத்தியக் கலைச் சங்கம் 1984இல் வகுத்தது. வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம் என்பது அவற்றுள் ஒன்று. அந்த நாற்பதையும் இந்த ஒரு பலகையிலேயே பயிலலாம்.

நம் மரபும் இதனையே சொல்கிறது. மிருதங்கமோ தவிலோ பயில்பவன் சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்ட பின்னரே அதனைக் கருவியில் ஏற்றுகிறான். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933-1975) தவிலில் உலகை வியக்க வைத்தார் என்றால், அந்த விரைவு தோலில் பிறந்ததன்று. உள்ளத்திலே அமைந்த கணக்கில் பிறந்தது. ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாகப் பிசகாமல் எண்ணத் தெரிந்தவனுக்கு பைலாவின் நடை பாதி கைவந்ததாகும். ‘தகதிமி’ என்று நந்நான்காக எண்ணுபவனுக்கு மேடைப் பாட்டில் பெரும்பகுதி வசப்படும். இந்த எண்ணிக்கைக்குக் கடையில் விலை இல்லை.

ஓராண்டு பலகையில் நின்ற பையனுக்கு, அதன்பின் கருவி வாங்குவதில் தவறில்லை. அப்போதும் பழைய கருவியே நன்று. வாங்குமுன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தோலைக் கழற்றி, முரசின் விளிம்பைச் சமதளத்தில் கவிழ்த்து, உள்ளே விளக்கைப் பிடியுங்கள், இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு கோணலென்று பொருள், அதை விட்டுவிடுங்கள். திருகாணிகள் அனைத்தும் சுழல்கின்றனவா, மிதிகட்டை தடையின்றி மீள்கிறதா என்று பாருங்கள். கிழிந்த தோலுக்கு அஞ்ச வேண்டாம். 1957 முதல் சந்தையில் பரவிய பிளாஸ்டிக் தோலே இக்கருவிகளில் பெரும்பாலும் உள்ளது, அதை மாற்றிவிடலாம். மழைக்காலத்தில் றபானைத் தீயில் காட்டி முறுக்கேற்றும் தொல்லையும் அதற்கு இல்லை. ஆனால் நம் உப்புக்காற்று இரும்புக்குப் பகை. ஆணிக்குச் சிறிது எண்ணெயும், முழக்கிய பின் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பும் தவறாமல் வேண்டும்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் தட்டுகளே. நல்ல தட்டு வெண்கலத்தால் ஆனது. நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்தது. மலிவான செட்டுடன் இனாமாக வருவது பெரும்பாலும் பித்தளை. அது சட்டி மூடியைப் போல் ஒலிக்கும். மட்டமான முரசைத் தோல் மாற்றிச் சுருதி கூட்டித் தேற்றலாம். மட்டமான தட்டை எவராலும் தேற்ற முடியாது. வெண்கலத் தட்டிலும் விளிம்பிலோ நடுத்துளையிலோ வெடிப்பு இருந்தால் வாங்கலாகாது. முரசு மூன்று போதும்: காலுக்குப் பெருமுரசு, முழங்காலிடையே ஸ்னேர், பக்கத்தில் ஒன்று. மற்றவை அழகுக்கு.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் செவி தாங்கும் என்பது தொழிலிடச் சுகாதாரம் ஆராய்வோர் வகுத்த வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். ட்ரம் செட்டின் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. 100 டெசிபலுக்கு வரம்பு பதினைந்தே நிமிடம். முரசு வாங்கப் பணம் உள்ளவர் செவியடைப்பானுக்குப் பணமில்லை என்று சொல்லுதல் ஆகாது.

முடிவாக, ஊருக்கு ஒரு யோசனை. வீட்டுக்கு ஒரு செட் என்பது நம் நிலைமைக்கு ஒவ்வாது. ஊருக்கு ஒரு செட் என்பது ஒவ்வும். பாடசாலையிலோ வாசிகசாலையிலோ நல்ல வெண்கலத் தட்டுகளுடன் ஒன்றை வைத்து, முறைவைத்துப் பிள்ளைகளைப் பழகவிடலாம். சொந்தக் கருவி இல்லாவிட்டால் ஆர்வம் குன்றும் என்பார் சிலர். வாசிகசாலைப் புத்தகம் சொந்தமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளை படிப்பை விட்டான்? தனக்குரிய ஒரு மணிநேரத்துக்காகக் காத்திருந்து, அதுவரை வீட்டில் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பவன் கலைஞனாவான். தட்டாமல் மூலையில் துணி போர்த்தி வைத்த முரசு, தூசிக்கே சொந்தம்.

ஒரு வலையைக்கூடக் கூட்டாக இழுத்தே கரைசேர்க்கும் மக்கள் நாம். ஒரு முரசைக் கூட்டாக வாங்குவது நமக்கு அரிதன்று.