கரியை யார் அள்ளுவது?

டீசல் லாரிக்கு வடிகட்டி வேண்டுமா வேண்டாமா என்பதில் நம்மவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். சுற்றுச்சூழல் பேசுகிற கட்சிக்கு, 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்.6 வந்ததோடு பிரச்சினை தீர்ந்தது. பட்டறைக் கட்சிக்கோ, இதெல்லாம் கம்பெனிக்காரன் கொள்ளை, கழட்டி எறிஞ்சிட்டா வண்டி பறக்கும். ரெண்டு பேருக்குமே, வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆள் கண்ணில் படுவதில்லை.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்தது. சேர்வராயன் மலையில் அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போனது? பாக்சைட்டை மேட்டூர் மால்கோ ஆலைக்கு லாரிகள் இறக்கிய காலத்திலும், இன்று காப்பி மூட்டையும் சில்வர் ஓக் மரமும் ஏறுகிற நேரத்திலும், உறுமுகிற எஞ்சினுக்குப் பின்னால் தோள் கொடுப்பவர் பங்களாக்காரர் இல்லை. ஆகவே வடிகட்டி வேண்டும். மற்ற எவரையும்விட நமக்கு வேண்டும். கழட்டி எறியச் சொல்கிற நம்ம பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் அதன் விலையை யார் தலையில் கட்டினார்கள்?

நான் வங்கி எழுத்தன். லாரிக் கடன் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்த ஒருவர், தாட்கோ மானியத்தோடு சின்ன லாரி வாங்கினார். அவர் குடும்பத்தில் சொந்தமாக ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் ஆள். நாகலூரிலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை என்று மலை மேலேயே ஓட்டம். எல்லாம் கிட்டத்துச் சவாரி, குளிர்ந்த எஞ்சின். அங்கேதான் சிக்கல். டி.பி.எஃப் என்கிற வடிகட்டியில் தங்கும் கரி எரிந்து சாம்பலாக ஏறக்குறைய 600 பாகைச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுகிற லாரிக்கு அது தானாக நடக்கும். சேலத்துக்கு இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் சின்ன கியரில், டீசலே எரியாமல் உருளுகிற வண்டிக்கு ஏது சூடு? விளக்கு எரியும். நிறுத்திவைத்து எரிக்கச் சொல்லும். சருகு காய்ந்து கிடக்கிற எஸ்டேட் ஓரத்தில் அதைச் செய்யவும் பயம். பேசாமல் ஓட்டினால் இழுவை குறைந்துவிடும்.

"சார், லோடு இருக்கு, வண்டி ஏற மாட்டேங்குது. சர்வீஸ்ல கேட்டா நீ ஓட்டினது தப்புங்கறான்" என்றார்.

"அண்ணா, வாங்கும்போது இதைச் சொன்னாங்களா?"

"எங்க சார், மைலேஜுதான் சொன்னாங்க."

வண்டி நிற்கும், தவணை நிற்காது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். வடிகட்டி அடைத்தது என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. நூறு லாரி வைத்திருப்பவனுக்கு ஒரு லாரி நின்றால் கணக்கில் ஒரு வரி. ஒற்றை லாரிக்காரனுக்கு அடுப்பு நிற்கும்.

அடுத்து யூரியாக் கரைசல். 32.5 சதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். காசு மிச்சம் என்று வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். 2015லிருந்து அதில் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. குழாய் அடைத்து, வினையூக்கியும் கெட்டு, மிச்சம் பிடித்ததற்குப் பல மடங்கு செலவு. முதலாளிகளுக்கு இந்தச் சுமை தெரியாதா என்ன? 2017இல் பி.எஸ்.4 வந்தபோது, எங்கள் வண்டிக்கு யூரியாக் கரைசலே வேண்டாம் என்பதைத்தான் அசோக் லேலண்ட் தன் விற்பனைப் பேச்சாக வைத்தது.

இனி, யாரும் பேசாத சங்கதி. கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஆயிலிலுள்ள உலோகச் சத்து சாம்பலாக உள்ளேயே தங்கும். ஒருநாள் கழட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தூசி வெளியே வராத மூடிய எந்திரத்தில் செய்ய வேண்டிய வேலை அது. சேலம் புறவழிச்சாலையோரப் பட்டறையில் நான் பார்த்தது, மூக்கில் கைக்குட்டை கட்டிய ஒரு பையன், கையில் கம்ப்ரசர் குழாய். ஊரே சுவாசிக்காமல் தப்பிய நஞ்சு ஒரே ஊதலில் அவன் முகத்தில். கண் இமை மட்டும்தான் கறுப்பில்லாமல் இருந்தது. மலத்தை ஆளை வைத்து அள்ளக் கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட தேசம் இது. ஊர்க் கழிவைக் குழிக்குள் பிடித்துவைக்கத் தெரிந்த பொறியியலுக்கு, குழியை யார் அள்ளுவது என்ற கேள்வி மட்டும் பாடத்திட்டத்தில் கிடையாது. இங்கேயும் அதே கதைதான்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். நம்மூர்ச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத துகளை எண்ணுவதில்லை. வடிகட்டியைக் கழட்டிய வண்டியும் தேறிவிட முடியும். நெதர்லாந்தில் 2023லிருந்து துகளை எண்ணுகிறார்கள்.

கடன் தீரும்வரை வடிகட்டி தயாரித்தவன் பொறுப்பு. சாம்பல் எடுக்கும் மூடிய எந்திரம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, அவன் செலவில். தாட்கோ மானியத்தில் வாங்கும் வண்டிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவத் தோழர்கள் சேலம், சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளுக்கு ஒரு நோட்டோடு போங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்வது யார், வயது என்ன, கூலி என்ன, முகமூடி உண்டா, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.