பழுதுபார்க்கும் உரிமை: மின்பலகை வரை வருமா?

இடிமின்னலின் போதோ, மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் கணத்திலோ மின்னழுத்தம் திடீரென உயரலாம். அப்போது வோஷிங் மெஷினில் பெரும்பாலும் அடிபடுவது மோட்டார் அல்ல, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை. திருத்துநர் வந்து பார்த்துவிட்டு, "பலகையை மாற்றவேண்டும். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் புதிதாகவே வாங்கலாம்" என்பார். ஐரோப்பாவில் வாழும் எம்மவர் பலருக்கும் இது பழகிப்போன பேச்சு.

இந்த நிலையை மாற்றவே ஐரோப்பிய ஒன்றியம் 2024 யூனில் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2026 யூலை 31 முதல் உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த பின்னும் வோஷிங் மெஷினை உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்தித் தரவேண்டும். முன்னர் வேறொருவர் திருத்தினார் என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. ஆனால் 'நியாயமான விலை' எவ்வளவு என்று சட்டம் தொகை எதையும் குறிப்பிடவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உதிரிப் பாகங்களைப் பத்து ஆண்டுகள் வழங்கவேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதலே உண்டு. கதவு, கதவு ரப்பர், சவர்க்காரத் தட்டு போன்றவற்றை நாமே வாங்கலாம். மின்பலகையையும் அதற்கான மென்பொருளையும் தொழில்முறைத் திருத்துநருக்கு மட்டுமே கொடுக்கவேண்டிய கடமை உண்டு. அவரிடமும் தொழில் தகுதிக்கும் காப்புறுதிக்கும் சான்று கேட்கலாம்.

மின்னழுத்த உயர்வில் பல தடவைகளில் எரிவது ஒரு பியூஸ், ஒரு வாரிஸ்டர் அல்லது மின்வழங்கிச் சில்லு. இவை சில யூரோக்களுக்குள் அடங்கும். ஆனால் சட்டம் பட்டியலிடும் உதிரிப் பாகம் முழுப் பலகைதான். அதனால் சில்லுக்குரிய செலவு பலகைக்குரிய செலவாகிவிடுகிறது, இயந்திரமும் குப்பைக்குப் போகிறது.

பிரித்தானியாவிலும் 2021 யூலை முதல் இதுபோன்ற உதிரிப்பாக விதி இருக்கிறது. ஆனால் 2024 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் சுவிஸிலும் செல்லாது.

அப்படியானால் குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன? வெளியிலிருந்து வந்த மின்னழுத்தத்தால் ஏற்படும் சேதம் உற்பத்திக் குறைபாடு அல்ல. எனவே உத்தரவாதத்தை விட, வீட்டுப்பொருட் காப்புறுதி ஒப்பந்தத்தில் மின்னல், மிகை மின்னழுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். திருத்துநரிடம் பழுதின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பலகையை மாற்ற என்ன விலை, பலகையைத் திருத்த என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அனுபவமற்றவர் மூடியைத் திறக்கவேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்த கைகள் எம்மிடையே இன்னும் உண்டு. அவர்களும், இங்கே மின்னணுவியல் படித்த பிள்ளைகளும் வாழும் நாட்டில் தொழில் தகுதியும் காப்புறுதியும் பெற்றுத் திருத்துநராகப் பதிந்துகொண்டால், சட்டம் சொல்லும் பலகையும் மென்பொருளும் அவர்கள் கைக்கு வரும். பலகைக்குள் இருக்கும் சில்லை மாற்றுவது அவர்களது திறமையைப் பொறுத்தது.