புள்ளி வைக்காத எஃப்

கட்டுரை அனுப்பிய பத்தாவது நிமிடம் உதவி ஆசிரியர் போன். ''என்ன ஸார், 'அவர்கள்' எல்லாம் 'அவரகள'ன்னு வந்திருக்கு? பாதிப் புள்ளியைக் காணோமே, வித்துட்டீங்களா?''

நான் அடிப்பது தமிழ்99. அதில் ஆங்கில எஃப்தான் புள்ளி. ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்டு, எழுத்தே அழிந்துபோன கீ. தப்பு விரலிலா, கீயிலா?

நமக்கு பி.காம். புத்தி. தணிக்கை பண்ணாமல் செலவு கூடாது. கீபோர்டைச் சோதிக்க சாஃப்ட்வேர் தேடினேன். ஒன்றை டவுன்லோடு செய்யப் போனபோது மைத்துனன் கையைப் பிடித்தான். ''மாமா, நீங்க தட்டறதைப் பார்க்கிற புரோகிராம், உங்க பாங்க் பாஸ்வேர்டையும் பார்க்கும். ஊர் பேர் தெரியாததை உள்ளே விடாதீங்க!''

விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறதாம். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு. நிஜக் கீயைத் தட்டினால் அதில் ஜோடிக் கீ மின்னும். ஒவ்வொன்றையும் பத்து தடவை தட்டினேன். எல்லாம் பத்துக்குப் பத்து. எஃப் மட்டும் நாலு!

கவிழ்த்துத் தட்டினேன். ஓமப்பொடி கொட்டியது. மறு தணிக்கையில் ஆறு. பாஸ் மார்க்தான், ஆனால் தமிழுக்குப் போதாது. உள்ளே ரப்பர் குமிழ் அமுங்கி, இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் தொட்டுக்கொண்டால்தான் எழுத்து விழும். தேய்ந்த இடத்தில் அந்த உறவு விட்டுப்போச்சு.

பாதி சன்மானத்தில் புதுசு வாங்கியாச்சு. இனி செக் எழுதும்போது பத்திரிகைக்காரர்கள் புள்ளியை இடம் மாற்றி வைக்காமல் இருந்தால் சரி!